இருபதா, இருபத்திரண்டா?

"எடுங்க டீச்சர் அந்த ரிஜிஸ்டரை! உங்க ஆபீஸ்ல எவனோ பண்ண தப்புக்கு என் குடும்பம் ஏன் தலை குனியணும்?"

நூர்முகமது போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடர்ந்தார்கள்.

எழுபத்திரண்டு வயதிலும் வளையாத முதுகு. செங்கல்பட்டு பஜாரில் நாற்பது வருஷம் ஹார்டுவேர் கடை நடத்தியவர். ஜமாஅத்தில் பன்னிரண்டு வருஷம் செயலாளர். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அந்த ஊரில் யாரும் இரண்டாவது முறை படித்துப் பார்த்ததில்லை.

நேற்று மாலை வரை அந்த வீட்டில் திருநாள் களைதான். பேரன் உவைஸ், இந்த ஆண்டின் சிறந்த இளம் தொழில்முறைக் கால்பந்து வீரர் விருதுக்கான ஐவரில் ஒருவன். பத்திரிகைக்காரர்கள் பொறுக்கிய ஐவர் அல்ல. லீக்கில் அவனோடும் அவனுக்கு எதிராகவும் ஓடிய வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐவர். விழா இன்று மாலை ஆறு மணிக்கு, மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில்.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது.

பெயரில்லாத மனு ஒன்று விருதுக் குழுவுக்கு வந்திருக்கிறதாம். கிளப்பில் உவைஸ் 2005-இல் பிறந்தவன் என்று இருக்கிறது. ஆனால் அவன் படித்த ஆரம்பப் பள்ளியில் 2003 என்று இருக்கிறது. சீசன் தொடங்கும் நாளில் இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு இந்த விருது கிடையாது. இன்று நாலு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். வயது மோசடி என்று முடிவானால் ஒரு வருஷம் பந்தைத் தொட முடியாது.

பொழுது விடிவதற்குள் யூடியூபில் ஒருவன் கடை விரித்துவிட்டான். 'இருபதா, இருபத்திரண்டா? ரெண்டு வயசை முழுங்கிட்டாரா உவைஸ்?' காலையில் நூர்முகமது டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவரைக் கண்டு டீக்கடை வாயடைத்தது அவர் ஆயுளில் இதுதான் முதல் தடவை. டீயைக் குடிக்காமலே திரும்பினார். கோபம் உச்சந்தலையில் நின்று கொதித்தது.

"அஞ்சை மூணுன்னு எழுதிட்டான் எவனோ அரைத்தூக்கத்துல. நீங்க தப்புன்னு ஒரு வரி எழுதி முத்திரை குத்துங்க. போதும்" என்றார் இப்போது.

தலைமையாசிரியை ரூத் எழுந்து அலமாரியைத் திறந்தார். பழுப்பேறிய சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்து, விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

பொத்தேரியில் பி.காம். படிக்கும் பேத்தி ரிஃபானா எட்டிப் பார்த்தாள். உவைஸின் தங்கை. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மாவைப் பெற்ற நன்னாவுக்குத் துணையாக வந்திருந்தாள்.

உவைஸ். பிறந்த தேதி 9.11.2003. ஆதாரம்: நகராட்சிச் சான்றிதழ். அழைத்து வந்தவர்: தாயின் தந்தை.

கீழே கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து வால் மாதிரி இழுத்த நீளக் கோடு.

"நன்னா" என்றாள் ரிஃபானா. "இது உங்க கையெழுத்து."

பதிவேட்டோடு சான்றிதழின் நகலும் குண்டூசியில் தொங்கியது. ரூத் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு பாய். நான் அப்ப ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். ஆறரை வயசுன்னு பேப்பர்ல இருக்கு, புள்ளைக்குப் பென்சில் புடிக்க வரல. பால்பல் ஒண்ணுகூட விழல. வளர்த்தி கம்மி போலன்னு நெனச்சுக்கினேன். உங்ககிட்ட யார் கேக்கறது?"

"அது..."

"தப்புன்னு நான் எழுத முடியாது. ரிஜிஸ்டர்ல தப்பு இல்லை. நீங்க குடுத்ததைத்தான் எழுதியிருக்கோம். இந்தப் பக்கத்தோட நகல் வேணும்னா முத்திரை வெச்சுத் தரேன்."

நூர்முகமது அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் மறந்திருந்தார். சத்தியமாக மறந்திருந்தார். தன் மேல் தவறே இருக்க முடியாது என்று நம்புகிற மனிதனுக்கு இப்படிப்பட்ட மறதி சுலபமாக வாய்க்கிறது.

*

மாமல்லபுரம் போகும் வாடகைக் கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் ரிஃபானா ஆரம்பித்தாள்.

"நகராட்சி சர்டிபிகேட்ல அத்தா பேரு, அம்மா பேரு எல்லாம் சரியா கீது. தேதி மட்டும் வேற. அது எப்படி நன்னா? ஒரே அம்மாவுக்கு ஒரே புள்ள ரெண்டு தடவை பொறக்குமா?"

"சும்மா வா."

"சும்மா வர முடியாது. அண்ணன ஊரே திருடன்னுது. என் கிளாஸ் குரூப்புல அந்த வீடியோவ எத்தினி பேர் போட்டாங்க தெரியுமா?"

"பாய், ஏசி போடவா?" என்றான் கார்த்தி, ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் திருப்பாமலே.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுப்பா!"

"பார்த்துகினுதான் கீறேன் பாய். உள்ள சூடா கீதேன்னு கேட்டேன்."

நூர்முகமது வெளியே பார்த்தார். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் மேய்ந்தன. எழுபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் யாருக்கும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாத வாய். வார்த்தைகள் கல்லும் மண்ணுமாக வந்தன.

"உனக்கு மூத்தவன் உவைஸ். அவனுக்கும் ஒரு மூத்தவன் இருந்தான். எட்டு மாசத்துப் புள்ள. காய்ச்சல். மௌத்தாயிட்டான்."

ரிஃபானா திரும்பினாள்.

"அவன் பேரும் உவைஸ்தான். என் அத்தா பேரு அது. அந்தப் பேரு இந்த வம்சத்துல நிக்கணும்னு நான்தான் வெச்சேன். அடுத்தவன் பொறந்தப்ப உன் அம்மா, 'வேற பேரு வெங்க அத்தா, அந்தப் பேரைக் கூப்பிட எனக்கு நாக்கு வராது'ன்னா. நான் கேக்கல."

"யா அல்லாஹ்."

"பள்ளிக்கூடத்துல அஞ்சு நிறைஞ்சாத்தான் சேர்ப்போம்னாங்க. இவனுக்கு மூணு மாசம் குறைச்சல். அடுத்த வருஷம் வாங்கன்னு, கடைத்தெருவுல நாலு பேர் பார்க்க, என்னை வாசலோட திருப்பி அனுப்பினான் ஒரு கிளார்க். நகராட்சியில போய் உவைஸ் பேருக்கு சர்டிபிகேட் கேட்டேன். முதல்ல பதிஞ்சதை எடுத்துக் குடுத்துட்டாங்க. வெளிய வந்து தேதியைப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன்."

கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. கார்த்தி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்காமலே ஏசியைப் போட்டான்.

"செத்துப்போன புள்ளையோட பேப்பர்" என்றாள் ரிஃபானா மெதுவாக. "அண்ணனுக்கு இது தெரியுமா?"

"அவனுக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்னே தெரியாது. வூட்ல பேசக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். உன் அம்மா அழுதுகினே கிடந்தா. பேச்சை நிறுத்தினா அழுகை நிக்கும்னு நெனச்சேன்."

"எல்லாமே நீங்கதான் நெனைச்சீங்க நன்னா. வேற யாரையாச்சும் நெனைக்க விட்டீங்களா?"

வேறொரு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு நூர்முகமது காரை நிறுத்தி அவளை இறக்கிவிட்டிருப்பார். இன்று தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவுதான்.

*

ஹோட்டலின் பின்பக்கம் ஓர் அறையை விருதுக் குழுவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். செயலாளர் ஞானதாஸ் ஓய்வுபெற்ற ரெஃப்ரி. இன்னும் பாக்கெட்டில் விசில் இருக்குமோ என்று நினைக்க வைக்கும் ஆள். பள்ளி நகலை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். நூர்முகமது சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். மணி மூன்றே கால்.

"நம்பறேன் ஐயா. ஆனா நான் நம்பறது போதாது. மூத்த குழந்தையோட இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"இல்லை."

"வாங்க முடியுமா?"

"பதியவே இல்லை. காலையில மௌத்து, மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால அடக்கம். கைக்குழந்தைதானேன்னு நகராட்சிக்குப் போகல."

ஞானதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப சர்க்கார் கணக்குல அந்தப் பையன் இன்னும் உயிரோட இருக்கான். இருபத்திரண்டு வயசு. பேரு உவைஸ். அது உங்க பேரன் இல்லைன்னு நான் எப்படி நாலு பேருக்குச் சொல்றது?"

"நான் சொல்றேன் இல்ல!" நூர்முகமதுவின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "நூர்முகமது சொல்லு போதாதா உங்களுக்கு?"

"உங்க சொல்லுதான் ஐயா அந்த ரிஜிஸ்டர்லயும் இருக்கு."

ஓங்கி அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஞானதாஸ் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. மஞ்சள் அட்டை காட்டுகிற மாதிரி, உள்ளதைச் சொன்னார்.

"ஒரே வழிதான். நீங்க நடந்ததை உங்க கையால எழுதுங்க. பிள்ளை பெத்த தாய் அது உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை வெச்சு இன்னிக்கு அனுமதிக்கிறோம். ஒரு மாசத்துக்குள்ள முறைப்படி பதிவு வாங்கித் தந்துடணும்."

"என் மகளை இதுல இழுக்காதீங்க."

"அவங்க இல்லாம இது நடக்காது."

மகள் லத்தீஃபா ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். மகனுடன் காலையிலேயே கிளப் காரில் வந்தவள். ரிஃபானா போனில் எல்லாவற்றையும் சொல்லி அழைத்திருக்க வேண்டும். கணவரை இழந்து நாலு வருஷமாகிறது. மகனின் விழாவுக்கென்று எடுத்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், முகத்தில் ஒரு துளி நிறமில்லாமல் நின்றாள்.

"நேத்து லெட்டர்ல மூணுன்னு பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அத்தா" என்றாள். "என் மூத்த புள்ளையோட பேப்பர்னு."

நூர்முகமது திகைத்தார். "தெரியுமா?"

"நேத்துதான் தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் நவம்பர் ஒம்பதாம் தேதி அந்தப் பள்ளிக்கூடத்துல புள்ளைய பிரேயர்ல நிக்க வெச்சு, ஒரு பென்சிலைக் குடுத்துக் கைதட்டுவாங்க. 'அம்மா, இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளாம்'னு ஓடி வருவான். அது யார் பொறந்த நாளுன்னு எனக்குத் தெரியாதா? போய்ச் சொல்லித் திருத்தியிருக்கலாம். திருத்தலை. இந்த வூட்ல யாரும் அவன் பேச்சே எடுக்கக் கூடாது. ஸ்கூல்ல முகம் தெரியாத புள்ளைங்களாவது அவனுக்குக் கைதட்டறாங்களேன்னு விட்டுட்டேன்."

"லத்தீஃபா..."

"இருங்க. நான் முடிக்கலை." இதுவரை அவள் அப்பாவிடம் 'இருங்க' என்று சொன்னதில்லை. "அந்தப் பேப்பரை உங்க கையில குடுத்து அனுப்பினது அவருன்னு நெனச்சேன் நான். என் வூட்டுக்காரர். பெத்த தகப்பன் இப்படிப் பண்ணுவாரான்னு மனசு விட்டுப்போச்சு. ஒரு வருஷம் அவர்கூட முகம் குடுத்துப் பேசலை. ஏன்னு கேட்டாரு. நான் சொல்லலை. ஆறாம் கிளாஸுக்கு மெட்ராஸ் ஹாஸ்டல்ல சேர்க்கும்போது சரியான சர்டிபிகேட்டைத் தேடி எடுத்துக்கினு போனாரு. தப்பை மறைக்கிறாருன்னு அதுக்கும் அவர் மேலதான் கோபம்."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நூர்முகமதுவுக்குச் சமாதானம் சொல்லவாவது வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு அத்தா. நீங்கதான் குடுத்தீங்கன்னு. பொண்டாட்டிகிட்டகூட மாமனாரைக் காட்டிக் குடுக்காம கபர் வரைக்கும் போயிட்டாரு. உங்க மரியாதையை அவர் சுமந்தாரு. நான் அவரைப் போட்டு வதைச்சேன்."

சுவருக்கு அப்பால் யாரோ மைக்கைத் தட்டிப் பரிசோதித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஞானதாஸ் எழுந்து, இரண்டு வெள்ளைத் தாள்களை மேசையில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றார்.

நூர்முகமது எழுதினார். எத்தனையோ நிக்காஹ் பதிவுகளைத் தடங்கலில்லாமல் எழுதிய கை. இன்று 'நான் தெரிந்தே' என்ற இடத்தில் பேனா நின்றது. ரிஃபானா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். 'தவறுதலாக' என்று எழுதிவிட வழி இருந்தது. ஞானதாஸும் ஏற்றுக்கொண்டிருப்பார். பேனா அப்படியே காத்திருந்தது.

'நான் தெரிந்தே இறந்த குழந்தையின் சான்றிதழைக் கொடுத்தேன்' என்று முடித்து, அந்த நீள வால் கையெழுத்தைப் போட்டார்.

லத்தீஃபா தன் தாளில் இரண்டே வரிதான் எழுதினாள். 'என் மூத்த மகன் உவைஸ் 2004 ஜூலை மாதம் என் மடியில் இறந்தான். இப்போது விளையாடுகிற உவைஸ் என் இரண்டாவது மகன்.' எழுதிவிட்டு, ஈரம் காய்வதற்குக் காத்திருப்பவள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை இறந்துபோனான் என்று முதன்முதலாக ஒரு காகிதம் சொன்னது.

மணி மூன்று ஐம்பது.

*

உவைஸ் கறுப்புக் கோட்டில் வந்தான். இடது விங்கில் அவன் ஓடும்போது பிடிக்க மூன்று பேர் வேண்டும் என்பார்கள். கதவருகே நின்றவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இன்னா ஆச்சு? பேரை எடுத்துட்டாங்களா?"

"இல்லைப்பா. எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் நூர்முகமது அவசரமாக.

"சரியாகலை" என்றாள் லத்தீஃபா. "சொல்லுங்க அத்தா. இதையும் நானே சொல்லணுமா?"

சொன்னார். பேத்தியிடம் கல்லும் மண்ணுமாக வந்தது, பேரனிடம் கல்லாக மட்டும் வந்தது. உவைஸ் கதவருகே நின்றபடியே கேட்டான். முடிந்ததும், கோட்டின் பொத்தானைக் கழற்றித் திரும்ப மாட்டினான்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து அந்த மனு எழுதினவனைக் கிழிகிழின்னு கிழிச்சீங்களே நன்னா. பொறாமை புடிச்சவன், ஈனப்பயன்னு. அவன் எழுதினதுல எந்த வரி பொய்?"

"உவைஸ்!"

"ஆறாம் கிளாஸ் போற வரைக்கும், அந்தப் பேப்பர் வயசுப்படி, என்னைவிட ரெண்டு வயசு பெரியவங்களோடதான் ஓடினேன். மிதிபட்டுக்கினு வருவேன். 'உன் வயசுப் பசங்கதானேடா, அழாதே'ன்னு சொல்வீங்க. ஞாபகம் இருக்கா?"

நூர்முகமது மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினார்.

"ஒருத்தனோட பேரைக் குடுத்தீங்க. அவன் பொறந்த நாளையும் அவன்கிட்டேர்ந்து புடுங்கி எனக்குக் குடுத்தீங்க. அவனுக்குன்னு இன்னா விட்டு வெச்சீங்க? அந்த மையவாடியில அவன் எந்த இடத்துல இருக்கான்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் குழியில இறக்கினேன்."

அந்தப் பதிலை உவைஸ் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் அவன் முகம் தளர்ந்தது. பின்பு மறுபடி இறுகியது.

உள்பாக்கெட்டிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "ஜெயிச்சா மேடையில ரெண்டு நிமிஷம் பேசணும். நேத்து மத்தியானம் எழுதினேன். இனிமே இதை என்னால படிக்க முடியாது. நீங்களே வெச்சுக்குங்க."

"அப்ப மேடையில என்னடா பேசுவே? டிவியில ஊரே பார்க்கும். ஜமாஅத்தே பார்க்கும்" என்றார் நூர்முகமது. கேட்டது மிரட்டல் போல ஆரம்பித்துக் கெஞ்சலாக முடிந்தது.

"முன்வரிசையில உங்களுக்கு சீட்டு போட்டிருக்கேன். வந்து கேளுங்க."

போய்விட்டான்.

*

கடற்காற்றில் பந்தலின் துணி படபடத்தது. நூர்முகமது நினைத்திருந்தால் கார்த்தியைக் கூப்பிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் போகவில்லை. முன்வரிசையில், மகளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நடுவிலிருந்த காலி நாற்காலியில் லத்தீஃபா தன் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

மற்ற விருதுகள் ஒவ்வொன்றாகப் போயின. நூர்முகமது பேரன் கொடுத்த தாளைப் பிரித்தார். பேரனின் கோணல் எழுத்து. முதல் வரியே கண்ணைக் குத்தியது.

'என் நன்னா ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவரிடம்தான் நேர்மையாக விளையாடக் கற்றேன்.'

இரண்டாவது வரியைப் படிக்க முடியவில்லை.

மேடையில் ஐந்து படங்கள் பெரிய திரையில் வந்து போயின. உறையைக் கிழிக்கும் சத்தம் மைக்கில் கரகரவென்று கேட்டது. "இந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர்..." என்று இழுத்து நிறுத்தினார் அறிவிப்பாளர். பின்வரிசையில் கிளப் பையன்கள் அதற்குள்ளாகவே கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

"உவைஸ்!"

பந்தலே எழுந்து நின்றது. லத்தீஃபாவும் ரிஃபானாவும் எழுந்தார்கள். நூர்முகமதுவும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

உவைஸ் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தான். மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தான். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தான். கையில் தாள் எதுவும் இல்லை. கேமராக்களைப் பார்க்கவில்லை, நேராக முன்வரிசையைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்" என்று ஆரம்பித்தான்.